வரமாட்டேன் என்றார் எல்வே: கோல்ட்ஸ் அணியின் ஏழு முதல் பிக்குகள்

இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி டிராஃப்டில் முதல் ஆளாக யார் யாரை எடுத்திருக்கிறது, அதில் எத்தனை பேர் தேறினார்கள், பெய்டன் மேனிங்கை அனுப்பிவிட்டு ஆண்ட்ரூ லக்கை எடுத்தது சரிதானா? கேள்வி இதுதான்.

பெயர்கள் மட்டும் போதுமென்றால் ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். 1955ல் ஜார்ஜ் ஷா, 1967ல் பப்பா ஸ்மித், 1983ல் ஜான் எல்வே, 1990ல் ஜெஃப் ஜார்ஜ், 1992ல் ஸ்டீவ் எம்ட்மேன், 1998ல் பெய்டன் மேனிங், 2012ல் ஆண்ட்ரூ லக். மொத்தம் ஏழு. ஆனால் தனித்தனிப் பெயர்களாகப் படித்தால் இதில் ருசி இல்லை. பிற்பாதியில் பெரும்பாலும் ஒன்று இன்னொன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்ததுதான். அந்த வால் தொடங்குகிற இடம், கோல்ட்ஸ் சட்டையை ஒரு ஆட்டத்துக்குக்கூடப் போடாத எல்வே.

அமெரிக்கக் கால்பந்தைப் பழக்கமில்லாதவர்களுக்கு டிராஃப்ட் பற்றி நாலு வரி. ஐபிஎல் ஏலம் மாதிரி இங்கே பணத்தை வைத்து மோதிக்கொள்வது கிடையாது. கல்லூரி முடித்து வருகிற ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். போன சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. அந்த வாய்ப்பைத்தான் பிக் என்பார்கள். எல்லா அணிகளும் ஒருமுறை எடுத்து முடித்தால் ஒரு சுற்று. எடுத்த அணியோடுதான் ஆட்டக்காரர் பேசவேண்டும், வேறு அணிக்குப் போகிறேன் என்று அவர் சொல்ல முடியாது. பிக்கை அணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். அடுத்த வருடத்துப் பிக்கைக்கூட இன்றைக்கே கொடுத்துவிடலாம், விளையாத நெல்லை அடகு வைக்கிற மாதிரி. 1936லிருந்து நடக்கும் ஏற்பாடு இது. தோற்றவனுக்கு முதல் சோறு என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகும் என்பதற்கு கோல்ட்ஸைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

முதல் இரண்டு பேரைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அப்போது அணி பால்டிமோரில் இருந்தது. 1955ல் முதல் பிக் யாருக்கு என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்த காலம். அதில் கோல்ட்ஸுக்கு அதிர்ஷ்டம் அடித்து, ஆரிகன் பல்கலைக்கழக குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிறவர்) ஜார்ஜ் ஷாவை எடுத்தார்கள். 1956ல் ஷாவுக்குக் காலில் அடிபட, பதிலாக உள்ளே வந்த பையன் எறிந்த முதல் பந்தையே எதிரணி பிடித்துக்கொண்டு ஓடி டச்டவுன் (கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய் எடுக்கும் புள்ளி) போட்டது. அந்தப் பையன் ஜானி யுனைட்டஸ். முந்தின வருடம் பிட்ஸ்பர்க் அணி ஒன்பதாவது சுற்றில் எடுத்து, ஆடவிடாமலே வீட்டுக்கு அனுப்பிய ஆள். உள்ளூர் அணியில் ஆட்டத்துக்கு 6 டாலர் கூலிக்கு ஆடிக்கொண்டிருந்தார். 1958, 1959 இரண்டு வருடமும் கோல்ட்ஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தது அவர்தான். முதல் பிக்குக்கு அடிபட்டதால் அந்த அணிக்குக் கிடைத்தது அதன் வரலாற்றின் மிகப்பெரிய பெயர்.

1967ல் பப்பா ஸ்மித். ஆறடி ஏழங்குலம், மிஷிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத் தற்காப்பு ஆட்டக்காரர். அந்தப் பிக் உண்மையில் புதிதாகத் தொடங்கிய நியூ ஆர்லியன்ஸ் அணியுடையது. யுனைட்டஸுக்கு மாற்றாளாக பெஞ்சில் இருந்த கேரி குவோஸோவைக் கொடுத்து அதை வாங்கினார்கள். லாபமான வியாபாரம். 1971 ஜனவரியில் டல்லஸை 16-13 என்று வென்று கோல்ட்ஸ் லீக்கின் இறுதிக் கோப்பையான சூப்பர் பவுலை வாங்கியபோது ஸ்மித் அணியில் இருந்தார். அடுத்த வருடமே ஒரு பயிற்சி ஆட்டத்தில், யார்டு அளக்க எல்லைக்கோட்டில் வைக்கும் கம்பத்தில் மோதி முழங்கால் போனது. அந்த சீசன் முழுக்க வீண். அப்புறம் வேறு அணிகளில் ஆடி, ஓய்வுக்குப் பின் சினிமா நடிகராகிவிட்டார்.

சரி, எல்வேக்கு வருவோம்.

1982 சீசன் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் ஒன்பது ஆட்டமாகச் சுருங்கியது. அந்த ஒன்பதில் கோல்ட்ஸ் ஒன்றைக்கூட ஜெயிக்கவில்லை. எட்டுத் தோல்வி, ஒரு சமன். அந்த வருட டிராஃப்டில் நான்காவது பிக்காக எடுத்த குவார்ட்டர்பேக் ஆர்ட் ஷ்லிக்டர் சூதாட்டத்தில் சிக்கி, 1983ல் லீக் அவரை இடைநீக்கம் செய்தது. அணிக்கு குவார்ட்டர்பேக் வேண்டும், முதல் பிக் கையில் இருக்கிறது, ஸ்டான்ஃபோர்டில் எல்வே என்று ஒரு பையன் ஆடிக்கொண்டிருக்கிறான். யோசிக்க எதுவுமே இல்லை.

எல்வே தரப்பில் யோசிக்க நிறைய இருந்தது. அணியின் முதலாளி ராபர்ட் இர்ஸே எப்போது என்ன செய்வார் என்று யாருக்கும் தெரியாது. பயிற்சியாளர் ஃபிராங்க் குஷ் கண்டிப்புக்குப் பேர்போனவர். எல்வேயின் அப்பாவே ஒரு கல்லூரிப் பயிற்சியாளர். குஷ்ஷிடம் தன் மகன் ஆடுவதில் அவருக்கு இஷ்டமில்லை. என்னை எடுக்காதீர்கள் என்று எல்வே முன்கூட்டியே சொல்லிவிட்டார். வெறும் மிரட்டல் என்று தள்ளிவிட முடியாது, ஏனென்றால் அவர் கையில் இன்னொரு வேலை இருந்தது. நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணி 1981லேயே அவரை எடுத்து வைத்திருந்தது. 1982 கோடையில் அதன் சின்ன அணியொன்றுக்காக 42 ஆட்டம் ஆடியும் இருந்தார். மற்ற பையன்கள் வரமாட்டேன் என்றால் பட்டினி. இவருக்கு யாங்கீஸ் சம்பளம் காத்துக்கொண்டிருந்தது.

1983 ஏப்ரல் 26. கோல்ட்ஸின் பொது மேலாளர் எர்னி அக்கோர்ஸி அசரவில்லை, எல்வே பெயரைக் கொடுத்துவிட்டார். அவர் கணக்கு எளிமையானது: எடுத்து வைத்துக்கொள்வோம், பொறுமையாக இருப்போம், ஒன்று பையன் இறங்கி வருவான், இல்லையென்றால் மூன்று முதல் சுற்றுப் பிக் கொடுக்க யாராவது வருவார்கள். அன்றைக்கே எல்வே பத்திரிகையாளர்களைக் கூட்டி, பேஸ்பால் ஆடப் போகிறேன் என்று சொன்னார். ஆறே நாளில், மே 2 அன்று, அக்கோர்ஸியைக் கேட்காமல் இர்ஸே தானே டென்வர் பிராங்கோஸ் முதலாளியிடம் பேசி வியாபாரத்தை முடித்துவிட்டார். கிடைத்தது என்ன? அந்த வருடம் நான்காவதாக எடுக்கப்பட்ட லைன்மேன் (முன்வரிசையில் நின்று குவார்ட்டர்பேக்கைக் காப்பவர்) கிறிஸ் ஹின்டன், மாற்று குவார்ட்டர்பேக் மார்க் ஹெர்மன், 1984ன் முதல் சுற்றுப் பிக் ஒன்று, அப்புறம் டென்வரில் இரண்டு பயிற்சி ஆட்டம் ஆடி வசூலில் பங்கு. கடைசி விஷயத்தை முதன்முறை படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

அந்த டிராஃப்டின் முதல் சுற்றில் மட்டும் ஆறு குவார்ட்டர்பேக்குகள் போனார்கள். ஜிம் கெல்லி 14வது, டான் மரீனோ 27வது. இருவரும் இன்று எல்வேயோடு புகழ்மன்றத்தில் இருக்கிறார்கள். வேறு யாரை எடுத்திருந்தாலும் ஓரளவு தப்பித்திருக்கலாம் என்ற வருடத்தில் கோல்ட்ஸுக்கு வாய்த்தது இது. டிசம்பரில் கோல்ட்ஸ் டென்வருக்குப் போய் ஆடியது. நான்காவது கால் பகுதியில் 19-0 என்று முன்னிலை. அங்கிருந்து எல்வே மூன்று டச்டவுன் எறிந்து 21-19 என்று ஜெயித்தார். அவர் வாழ்நாள் முழுக்கச் செய்யப்போகிற வித்தையின் முதல் அரங்கேற்றம், வரமாட்டேன் என்று சொன்ன அணியின் முன்னாலேயே.

மூன்று மாதம் கழித்து, 1984 மார்ச் 28 இரவு, மேஃப்ளவர் கம்பெனி லாரிகளில் அணியின் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றி இர்ஸே இண்டியானாபொலிஸுக்குக் கொண்டுபோய்விட்டார். விடிந்து எழுந்தபோது பால்டிமோருக்கு அணி இல்லை. எல்வே வந்திருந்தால் அணி அங்கேயே இருந்திருக்குமா என்று பால்டிமோர்க்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். மைதானச் சண்டை, வரிச்சலுகை என்று வேறு காரணங்கள் நிறைய இருந்தன. என் கணக்கில் எப்படியும் போயிருப்பார்.

இனி சங்கிலியைப் பாருங்கள். எல்வேக்குப் பதில் வந்த ஹின்டன் உண்மையிலேயே பிரமாதமான லைன்மேன். கோல்ட்ஸில் இருந்த ஏழு வருடத்தில் ஆறு முறை ப்ரோ பவுல் என்ற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார். 1990ல் கோல்ட்ஸுக்கு மறுபடி குவார்ட்டர்பேக் ஆசை. முதல் பிக் அட்லாண்டா ஃபால்கன்ஸிடம் இருந்தது. அதை வாங்க ஹின்டனையும், போன வருடம்தான் எடுத்த ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்) ஆண்ட்ரே ரைசனையும், 1991ன் முதல் சுற்றுப் பிக்கையும் தூக்கிக் கொடுத்தார்கள். வாங்கி எடுத்தது ஜெஃப் ஜார்ஜை. இண்டியானாபொலிஸ் மண்ணின் மைந்தர், அதே ஊர்ப் பள்ளியில் ஆடியவர். கை அபாரம். மணிக்கட்டைச் சுண்டினால் பந்து அம்பாகப் போகும். ஆனால் கையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பிரச்சினை. 1991ல் அணி 16 ஆட்டத்தில் ஒன்றை ஜெயித்தது. ரசிகர்களோடு சண்டை, நிர்வாகத்தோடு சண்டை. நான்கு வருடத்தில் அவர் தொடங்கிய ஆட்டங்களில் வெற்றி 14, தோல்வி 35. அங்கே ரைசன் ஃபால்கன்ஸுக்கு ஆடி வரிசையாக நான்கு முறை ப்ரோ பவுல் போய்க்கொண்டிருந்தார்.

இந்த ஏழில் மோசமான முடிவு எது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். எல்வே விஷயத்தில் பையன் வர மறுத்தான், அதற்கு அணி என்ன செய்யும். ஜார்ஜுக்கு யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. நல்ல லைன்மேனையும் நல்ல ரிசீவரையும் விற்றுவிட்டு, பாதுகாக்க ஆளில்லாத, பிடிக்க ஆளில்லாத ஒரு குவார்ட்டர்பேக்கை வாங்கினார்கள். வீட்டை விற்றுப் பீரோ வாங்கின கதை.

ஆனால் சங்கிலி அங்கே அறுந்துவிடவில்லை. 1994ல் அதே ஃபால்கன்ஸ் ஜார்ஜை வாங்கிக்கொண்டது. பதிலுக்கு வந்த பிக்குகளில் ஒன்று 1994ல் ட்ரெவ் ஆல்பர்ட்ஸ் என்ற தற்காப்பு ஆட்டக்காரரை எடுக்கப் போய்ச் சேர்ந்தது. காயங்களால் மூன்றே சீசனில் முடிந்துபோனார். இன்னொன்று 1996ல் கைக்கு வந்தது, 19வது இடம். அதில் எடுத்தது மார்வின் ஹாரிசன். எல்வே, ஹின்டன், ஜார்ஜ், ஹாரிசன்! 13 வருடம் கழித்து, மூன்று கை மாறி, எல்வேக்கு உண்டான விலை வந்து சேர்ந்தது. ஹாரிசன் 2002ல் ஒரே சீசனில் 143 பந்துகள் பிடித்தார். அந்தச் சாதனை 2019 வரை நின்றது. அவரும் புகழ்மன்றத்தில் இருக்கிறார்.

நடுவில் 1992. இதைத் தாண்டிப் போகலாம்தான், ஆனால் வலி அதிகம். முந்தின வருடத்து 1-15 (ஒரு வெற்றி, 15 தோல்வி) தயவில் முதல் பிக். 1990ல் மாற்று குவார்ட்டர்பேக் கிறிஸ் சாண்ட்லரை டாம்பா பேக்குக் கொடுத்து வாங்கிய பிக், அந்த அணியும் சொதப்பியதால் இரண்டாவது இடமாக வந்து நின்றது. (1967ல் குவோஸோவை விற்ற அதே தந்திரம். இந்த அணி பெஞ்சில் இருந்தவர்களை விற்றபோதெல்லாம் லாபம்தான் பார்த்திருக்கிறது.) ஆக ஒன்று, இரண்டு இரண்டுமே கோல்ட்ஸுடையது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஸ்டீவ் எம்ட்மேன், டெக்சஸ் ஏ அண்ட் எம் லைன்பேக்கர் க்வெண்டின் கோரியாட் என்று இரண்டு தற்காப்பு ஆட்டக்காரர்களை எடுத்தார்கள். எம்ட்மேனின் வாழ்க்கை ஒரே காட்சியில் அடங்கிவிடும். அக்டோபர் 25, மயாமி. ஆட்டம் முடியச் சில வினாடிகள், கோல்ட்ஸ் நான்கு புள்ளி முன்னிலை, மரீனோ கடைசிப் பந்தை எறிகிறார். முன்வரிசையில் நிற்கும் எம்ட்மேன் கையில் அது சிக்கிக்கொண்டது. கிட்டத்தட்ட 300 பவுண்டு எடையுள்ள மனிதர் 90 யார்டு ஓடினார். பின்னால் துரத்தியவர்கள் களைத்தார்களோ இல்லையோ, கடைசி இருபது யார்டில் அவர் களைத்தது தெரியும். டச்டவுன். அதே சீசனில் முழங்கால் கிழிந்தது, அடுத்த வருடம் இன்னொரு முழங்கால், அப்புறம் கழுத்து. மூன்று வருடத்தில் கோல்ட்ஸுக்கு ஆடியது 18 ஆட்டம். கோரியாட் ஒப்பேற்றினார், அவ்வளவுதான்.

அடுத்தது எல்லோருக்கும் தெரிந்த 1998. அணி 3-13. புதிதாக வந்த மேலாளர் பில் போலியன் முன்னால் இரண்டு குவார்ட்டர்பேக்குகள்: டென்னசியின் பெய்டன் மேனிங், வாஷிங்டன் ஸ்டேட்டின் ரயான் லீஃப். இன்றைக்குக் கேட்டால் இதில் என்ன குழப்பம் என்று தோன்றும். அன்றைக்கு நிஜமாகவே குழப்பம் இருந்தது. லீஃபுக்குக் கை பலம் அதிகம், இன்னும் வளருவார், மேனிங் வளர்ந்தமட்டும் வளர்ந்துவிட்டார் என்று பேசியவர்கள் கொஞ்சமல்ல. இருவரில் யாராவது ஒருவர் கிடைத்தால் போதுமென்று சான் டியேகோ மூன்றாவது இடத்திலிருந்து இரண்டாவதுக்கு ஏற இரண்டு முதல் சுற்றுப் பிக், ஒரு இரண்டாம் சுற்றுப் பிக், இரண்டு ஆட்டக்காரர்கள் என்று கொட்டிக் கொடுத்தது. ஆட்டக்காரர்களைச் சோதிக்கும் முகாமில் கோல்ட்ஸுடன் நடக்கவேண்டிய சந்திப்புக்கு லீஃப் வரவே இல்லை. மேனிங் தயாரிப்போடு வந்து, தானே கேள்விகளும் கேட்டார்.

முதல் வருடம் மேனிங் எறிந்த பந்துகளில் 28ஐ எதிரணிகள் பிடித்தன. அறிமுக ஆட்டக்காரர் ஒருவரின் அந்த வேண்டாத சாதனை இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அணி மறுபடியும் 3-13. அடுத்த வருடம் 13-3. அதற்குப் பிறகு நடந்ததைத் தனியாக எழுதவேண்டும்: நான்கு எம்விபி (சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்) விருது, 2003லிருந்து ஏழு வருடம் தொடர்ந்து குறைந்தது 12 வெற்றி, ஒரு ஆட்டம் விடாமல் 208 ஆட்டம், ஹாரிசனுடன் மட்டும் 112 டச்டவுன், 2007 பிப்ரவரியில் மயாமி மழையில் சிகாகோவை 29-17 என்று வென்ற சூப்பர் பவுல். லீஃப் மொத்தமே 25 ஆட்டம் ஆடினார். 14 டச்டவுன், எதிரணி பிடித்த பந்துகள் 36.

2011ல் கழுத்து அறுவை சிகிச்சைகளால் மேனிங் முழு சீசனும் வெளியே. அவர் இல்லாத அணி எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. முதல் 13 ஆட்டமும் தோல்வி, கடைசியில் 2-14. ஒரே மனிதனைச் சுவராக வைத்துக் கட்டின வீடு. முதல் பிக் வந்தது, அந்த வருடம் காத்திருந்தவர் லக். முந்தின வருடமே வந்திருந்தால் முதல் ஆளாகப் போயிருப்பார், படிப்பை முடிக்கவேண்டும் என்று ஸ்டான்ஃபோர்டிலேயே இருந்துவிட்டார்.

மேனிங்குக்கு அப்போது 35 முடிந்து 36 ஆகப்போகிறது. கை நரம்பு மீளுமா என்று மருத்துவர்களுக்கே உறுதியில்லை. மார்ச் மாதம் அவரை வைத்திருந்தால் 28 மில்லியன் டாலர் போனஸ் தரவேண்டும். மார்ச் 7 அன்று விடுவித்தார்கள். உங்கள் கேள்விக்கு என் பதில்: அன்று தெரிந்த தகவலை வைத்துப் பார்த்தால் சரியான முடிவுதான். டென்வரில் அவர் 2013ல் ஐந்தாவது எம்விபி வாங்கியதையும், 2016 பிப்ரவரியில் சூப்பர் பவுல் ஜெயித்ததையும் வைத்து இன்று குறை சொல்வது சுலபம். அந்தக் கழுத்தை நம்பி 28 மில்லியன் கொடுத்துவிட்டு லக்கையும் விட்டிருந்தால், யோசித்துப் பாருங்கள்.

ஆனால் மேனிங்கை டென்வருக்கு அழைத்துக்கொண்டது யார் என்று கவனித்தீர்களா? அந்த அணியின் நிர்வாகத் தலைமையில் அப்போது இருந்தது ஜான் எல்வே. 29 வருடத்துக்கு முன் கோல்ட்ஸுக்கு வராத முதல் பிக், கோல்ட்ஸின் சிறந்த முதல் பிக்கையும் கூட்டிக்கொண்டு போனார். லக்கும் எல்வே படித்த அதே ஸ்டான்ஃபோர்ட். லக்கை எடுத்த தேதியும் அதே ஏப்ரல் 26. கதையில் எழுதினால் அதிகப்படி என்று வெட்டிவிடுவார்கள். இன்னொன்றும் உண்டு. 2004ல் பெய்டனின் தம்பி ஈலை மேனிங் சான் டியேகோவுக்கு வரமாட்டேன் என்று எல்வே பாணியிலேயே அடம்பிடித்தார். அவரை வியாபாரம் பேசி வாங்கிய நியூயார்க் ஜயன்ட்ஸின் மேலாளர் யார் தெரியுமா? எர்னி அக்கோர்ஸி. இந்த முறை மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

லக் ஏமாற்றவில்லை. முதல் வருடம் 11-5. 2014 ஜனவரியில் கேன்சஸ் சிட்டியோடு நடந்த ப்ளே ஆஃப் ஆட்டம் ஒன்று போதும். மூன்றாவது கால் பகுதியில் 38-10 என்று பின்னால். துரத்திக்கொண்டு வரும்போது கோட்டருகே டொனால்ட் பிரவுன் கையிலிருந்து பந்து நழுவி, சொந்த அணி ஆளின் ஹெல்மெட்டில் பட்டு எகிறி, நேராக லக்கிடம் வந்தது. அவர் ஒரு நொடி தயங்கவில்லை, பிடித்து அப்படியே கோட்டுக்குள் பாய்ந்தார். கடைசியில் 45-44. அடுத்த சீசனில் டென்வருக்கே போய் மேனிங்கைத் தோற்கடித்தார்.

கெடுத்தது அணிதான். முன்வரிசையைப் பலப்படுத்தாமல் அவரை வருடக்கணக்கில் அடிவாங்க விட்டார்கள். 2015ல் சிறுநீரகத்தில் கிழிசல், அப்புறம் தோள்பட்டை அறுவை சிகிச்சை, 2017 முழுக்கக் காலி. 2018ல்தான் புத்தி வந்தது. மூன்றாவது பிக்கை நியூயார்க் ஜெட்ஸுக்கு விற்று ஆறாவதுக்கு இறங்கி, லைன்மேன் க்வென்டன் நெல்சனை எடுத்தார்கள். அந்த வருடம் லக் பந்தோடு வீழ்த்தப்பட்டது 18 முறை மட்டுமே, லீக்கிலேயே குறைவு. அவருக்கு அது தாமதமாகக் கிடைத்த கவசம். 2019 ஆகஸ்ட் 24, சொந்த மைதானத்தில் சிகாகோவுடன் பயிற்சி ஆட்டம். லக் ஓய்வு பெறுகிறார் என்ற செய்தி ஆட்டம் நடக்கும்போதே கசிந்து பார்வையாளர்களின் போன்களுக்கு வந்துவிட்டது. ஆட்டம் முடிந்து, சாதாரண டீ சர்ட்டில் ஓரமாக நடந்து போன 29 வயது மனிதரைப் பார்த்துக் கூட்டம் கூச்சல் போட்டது. அன்றிரவே பத்திரிகையாளர் முன் கண் கலங்கி, அந்தக் கூச்சல் வலித்தது என்று ஒப்புக்கொண்டார்.

ஆக, தேறினது எத்தனை? கோல்ட்ஸுக்கு முழுப் பலன் கொடுத்தது மேனிங் ஒருவர். ஸ்மித்தும் லக்கும் இருந்தவரை கொடுத்தார்கள். எல்வே சுற்றி வளைத்து ஹாரிசனாக வந்தார். மீதி மூன்றும் போனது போனதுதான், ஷாவின் கால் யுனைட்டஸைக் கொண்டுவந்ததைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

லக்கிற்குப் பிறகு முதல் பிக் கிடைக்கும் அளவுக்கு அணி மோசமாகவும் ஆகவில்லை. 2023ல் நான்காவது இடத்தில் எடுத்த குவார்ட்டர்பேக் ஆண்டனி ரிச்சர்ட்சன், 2025 சீசன் தொடங்கும்போதே இடத்தை டேனியல் ஜோன்ஸிடம் இழந்துவிட்டார். அதே சீசனின் நடுவில், ஜெட்ஸிடமிருந்து தற்காப்பு ஆட்டக்காரர் சாஸ் கார்ட்னரை வாங்க 2026, 2027 இரண்டு வருடத்துத் தங்கள் முதல் சுற்றுப் பிக்கையும் கொடுத்தாயிற்று. நெல் மறுபடி அடகில் இருக்கிறது.